கன்றுக் கணக்கு போதும், மண் கணக்கு எங்கே?

போன புரட்டாசியில் புண்ணாக்கு வாங்குவதற்காகப் பக்கத்து டவுன் ஒன்றுக்குப் போயிருந்தேன். பஜார் தெருவில் ஒரே கூட்டம். பேனர், மைக், நாற்காலி. மரம் நடுவிழா. அந்தத் தெருவில் முந்தின வருஷம்தான் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். அதில் பத்தடிக்கு ஓரிடத்தில் கல்லைப் பெயர்த்து, கடப்பாரையால் குத்திக் குழி எடுத்து வைத்திருந்தார்கள். குழியிலிருந்து வந்தது மண்ணே இல்லை. ரோலர் ஓட்டி இறுக்கின சரளையும் எம்-சாண்டும்தான்.

வேலை பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன்.

"தம்பி, குழி எத்தனை அடி?"

"ரெண்டுக்கு ரெண்டு சார். ஆழமும் ரெண்டு. எஸ்டிமேட்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"என்ன கன்னு வைக்கிறீங்க?"

"வேம்பு, புங்கன். அந்தக் கடைசியில மட்டும் அரச மரம் ஒண்ணு, சார்."

இரண்டடிக் குழியில் அரச மரம்! நான் ஒன்றும் சொல்லவில்லை. வயசானவர் என்று என் கையிலும் ஒரு கன்றைக் கொடுத்தார்கள். நட்டேன். போட்டோவுக்கும் நின்றேன். புண்ணாக்கு மூட்டையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பிள்ளைகளின் ஆர்வத்தில் குறை இல்லை. மண்ணைப் பற்றித் தெரிந்த நான் வாயைத் திறக்காமல் வந்தேனே, அதுதான் குறை. அதைத்தான் இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

எட்டு ரூபாய்க் கடன்

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். 2017-ல் ஓய்வு பெற்று, திருச்சுழிப் பக்கம் அப்பா விட்டுப்போன ஆறு குறுக்கம் புஞ்சையில் இறங்கினேன். பாதி கரிசல், பாதி செவல். குதிரைவாலி, உளுந்து, மல்லி, வரப்பைச் சுற்றி மரங்கள். ரசாயனம் இல்லை. வேலை மாறினாலும் கணக்குப் பார்க்கிற புத்தி மாறவில்லை. அன்று ராத்திரி அந்தக் குழிக்கும் கணக்குப் போட்டேன்.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். ஆக மொத்தம் 8 கன அடி மண். நகர மரங்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள், நன்றாக வளர்ந்து நிழல் தரும் பெரிய மரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1000 கன அடி நல்ல மண் வேண்டும் என்கிறார்கள். கனடாவில் டொரண்டோ நகரம் ஒரு மரத்துக்கு 30 கன மீட்டர் மண் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட 1060 கன அடிதான். மூன்றடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டடிக்குப் பதினெட்டடி இடம் வருகிறது.

ஆயிரம் ரூபாய் கடன் தேவைப்படுகிற சம்சாரிக்கு எட்டு ரூபாய் கொடுத்துவிட்டு, "வெள்ளாமை எடுக்கலை, திறமை இல்லாதவன்" என்று வங்கி சொன்னால் எப்படி இருக்கும்? தெருமரத்திடம் நாம் பேசுகிற நியாயம் அப்படித்தான் இருக்கிறது. கன்று பிழைக்கவில்லை என்றால் தண்ணீர் ஊற்றவில்லை என்கிறோம், ஆடு கடித்துவிட்டது என்கிறோம். கொடுத்த முதல் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

நம் பண்ணையில் நாம் இப்படிச் செய்வோமா? தென்னைக்கு 25 அடி விடுகிறோம். மாவுக்கு 30 அடி. புளிக்கு பத்து மீட்டர், அதாவது 33 அடி. இடைவெளி குறைந்தால் காய்ப்பு விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே புளி, அதே வேம்பு தெருவுக்குப் போனால் மட்டும் இரண்டடியில் எப்படிப் பிழைக்கும்?

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இரண்டடிக்கு இரண்டடி திறப்பு என்றால், வருஷம் முழுக்கப் பெய்கிற மழை அத்தனையும் உள்ளே இறங்கினாலும் 300 லிட்டர் தேறாது. ஆறடிக்கு ஆறடி திறந்துவிட்டால் 2600 லிட்டருக்கு மேல் இறங்கும். இருபதடி அகலம் விரிந்த மரம், தன் நிழல் விழுகிற இடம் பூராவும் திறந்த மண்ணாக நின்றால் 23,000 லிட்டர். மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது? கல் மேல் ஓடி வாறுகாலுக்குப் போகிறது. சித்திரையில் அதே மரத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம்.

என் கையெழுத்து

ஊரைக் குறை சொல்வதற்கு முன்னால் என் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

2009-ல் ஒரு சின்ன ஊரில் கிளை மேலாளராக இருந்தேன். ஊரும் வங்கியும் வேண்டாம். கிளையின் முன்னால் ஒரு வேம்பு. நாற்பது வயசாவது இருக்கும். அதன் நிழலில்தான் வாடிக்கையாளர்கள் வண்டி நிறுத்துவார்கள். பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள் காலையிலேயே வந்து அதன் தூரில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு ஓரமாக ஒரு அம்மா டீக்கடை போட்டிருந்தது. மழைக்காலத்தில் வாசல் சேறாகிறது, வேப்பம்பழம் விழுந்து ஈ மொய்க்கிறது என்று புகார் வந்தது. வாசலுக்குக் கல் பதிக்கலாம் என்று முடிவு செய்து, மேலிடத்துக்கு எழுதிப் பணம் வாங்கினேன்.

கான்ட்ராக்டர் சுறுசுறுப்பானவர். ஓரக்கல் நேராக நிற்பதற்காக, மரத்திலிருந்து மூன்றடி தள்ளி இரண்டு பக்கமும் ஜேசிபியால் வாய்க்கால் எடுத்தார். தொடை கனத்துக்கு இரண்டு வேர் குறுக்கே வந்தது. "வேர் வருது சார்" என்று வந்து கேட்டார். "மரத்துக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றேன். "வேம்பு சார், அது எதையும் தாங்கும்" என்றார். சரி என்றேன். அடிமரத்தைச் சுற்றி ஓர் அடி விட்டு மீதி முழுக்கக் கல். திறப்பு விழா மாதிரி எல்லாரும் பாராட்டினார்கள். பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருஷம் உச்சிக் கொப்புகள் காய்ந்தன. அதற்கடுத்த ஆடிக் காற்றில், ஒரு மத்தியான நேரம், மரம் வேரோடு சாய்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால் உயிர்ச்சேதம் இல்லை. டீக்கடையின் தகரம் மட்டும் நசுங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு அடியில் வேர் என்று இருந்தது ஒரு வண்டிச் சக்கரம் அளவுதான். வெட்டின இரண்டு வேரும் முனையில் கறுத்து அழுகியிருந்தன.

அந்த அம்மா எங்கள் கிளையில் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருந்தது. ஒரு தவணை தவறினது கிடையாது. மரம் போன பிறகு கடையை எதிர்ப்பக்கம் வெயிலில் போட்டது. உட்கார நிழல் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? மூன்று தவணை நின்றது. வங்கி முறைப்படி நோட்டீஸ் போனது. அதிலும் என் கையெழுத்துத்தான். "மேனேஜர் சார், மரம் இருந்திருந்தா கட்டியிருப்பேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனது. கொஞ்ச நாளில் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. வராக்கடன் பட்டியலில் எத்தனையோ பேருடைய பெயரை எழுதியிருக்கிறேன். அந்தக் கடனில் உண்மையான பாக்கிதாரர் யார் என்பது எனக்குத் தெரியும்.

வேர் எங்கே போகிறது?

மேலே எவ்வளவு உயரமோ, கீழே அவ்வளவு ஆழம் ஆணிவேர் போகும் என்பது நம்மில் பலருடைய நினைப்பு. அந்த கான்ட்ராக்டரும் நானும் நம்பினது அதைத்தான். பக்கவேரை வெட்டினாலும் ஆணிவேர் தாங்கும் என்ற தைரியம். நிலத்தில் இறங்கின பிறகு கண்ணால் பார்த்துத்தான் திருந்தினேன்.

என் எருக்குழிக்கும் பக்கத்து வேம்புக்கும் நடுவே 35 அடி. மாசியில் எருவை அள்ளும்போது அடியில் மெத்தை மாதிரி வேப்பஞ் சல்லிவேர் பின்னிக் கிடந்தது. அதற்கப்புறம் சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் எடுத்தபோது கவனித்துப் பார்த்தேன். மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல் மூன்றடிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடுகிறது. சாப்பாடு எடுக்கிற சல்லிவேர் இன்னும் மேலே, முதல் ஓர் அடியில். கிளை விரிந்த எல்லையோடு அது நிற்பதில்லை. அதைப்போல இரண்டு மடங்கு தூரம்கூடப் போகிறது.

ஏன் மேலேயே இருக்கிறது என்றால், வேருக்கும் மூச்சு வேண்டும். நல்ல மண்ணில் பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில் பாதி தண்ணீர், பாதி காற்று. மண்புழுவும் நுண்ணுயிரும் வாழ்வது அங்கேதான். ரோலர் ஓட்டினால் முதலில் சாவது அந்த இடைவெளி. அதன் மேல் சிமென்ட் போட்டு மூடினால், மண் இருந்தும் இல்லாத மாதிரிதான். நாம் நிலத்தில் டிராக்டரைக் குறைக்கிறோம், மூடாக்குப் போடுகிறோம், மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும் என்று நம்மாழ்வார் ஐயா காலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். அதே மண் தெருவுக்கு வந்ததும் நமக்கு வெறும் தரையாகிவிடுகிறது.

கரிசல் ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரக் கரிசலில் கடப்பாரையால் குழி எடுத்தால் பக்கச்சுவர் மெழுகினது போல வழவழவென்று ஆகிவிடும். அதில் கன்று வைத்தால் தொட்டியில் வைத்த மாதிரி. வேர் சுவரை முட்டித் திரும்பி, உள்ளேயே சுற்றும். ஏழெட்டு வருஷம் பச்சையாக நிற்கும். பிறகு ஒரு காற்றில் தொட்டியிலிருந்து பிடுங்கினது போல வந்துவிடும். செவலில் இரண்டடிக்குக் கீழே சுக்காம்பாறை என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் பெரியவர்கள் இதை அளந்து பார்த்து வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மங்கம்மாள் சாலை என்று நம் பக்கம் இன்றைக்கும் பேச்சில் இருக்கிற பழைய தடங்களில் மரங்கள் எப்படி நின்றன? இந்தப் பக்கம் மண் ரோடு, அந்தப் பக்கம் ஓடையும் புஞ்சையும். வேருக்கு இரண்டு பக்கமும் திறந்த நிலம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகிற சாலையின் புளியமரங்களும் அப்படி நின்றவைதான். புளி ஏலத்தில் வருமானம், பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு நிழல். நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அவை போய்விட்டன. இன்றைக்கு நடுத் திட்டில் அரளி பூக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதன் நிழலில் ஒரு ஆட்டுக்குட்டிகூட நிற்க முடியாது.

வெட்டத்தான் அனுமதி வேண்டும்

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை என்று வெளியிலிருந்து வந்த, சீக்கிரம் வளர்கிற மரங்கள்தான் அதிகம் விழுந்தன, இனி நாட்டு மரம் நடுவோம் என்று எல்லாரும் பேசினார்கள். அது சரிதான். ஆனால் படங்களில் நான் பார்த்தது வேறு. விழுந்த மரங்கள் பலவற்றின் அடியில் பெயர்ந்து நின்ற நடைபாதைக் கல்லும், சதுரமாக வெட்டினது போன்ற வேர்க்கட்டியும். என் பழைய வேம்பின் அச்சு அசல். நாட்டு மரமானாலும் அந்தக் கட்டிக்குள் வைத்தால் அப்படித்தான் விழும். என் வேம்பு நாட்டு மரம்தானே!

2022 ஜூனில் சென்னை கே.கே.நகரில் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஓர் உயிர் போனது. பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினதுதான் காரணம் என்றும், இல்லை என்றும் வாதம் நடந்தது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் முதலில் எழுகிற குரல் "பழைய மரத்தையெல்லாம் வெட்டு" என்பதுதான். வேரைச் சாகடிப்பது ஒருவர், பழி சுமப்பது மரம்.

டெல்லியில் சில குடிமக்கள் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2013 ஏப்ரல் 23-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கிற கான்கிரீட்டை எடுக்க வேண்டும், ஆணியையும் விளம்பரப் பலகையையும் அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்சம்தான். ஆனால் மரத்துக்குத் தரையில் பாத்தியதை உண்டு என்று ஒரு தீர்ப்பாயம் சொன்னது பெரிய விஷயம்.

நம் மாநிலத்தில் 2021-லிருந்து மாவட்டந்தோறும் பசுமைக் குழு இருக்கிறது. அரசு நிலத்து மரத்தை வெட்ட அதன் அனுமதி வேண்டும். 2022-ல் தொடங்கின பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் நிறைந்த பரப்பை 33 சதவீதமாக ஆக்குவது இலக்கு என்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் ஓட்டையைப் பாருங்கள். மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். அடியில் சிமென்ட் பூசி மூன்று வருஷத்தில் சாகடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம். இலக்கில் கன்றின் எண்ணிக்கை வருகிறது, மண்ணின் அளவு வருவதில்லை.

கரிமூட்டத்துத் தூள்

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்துக்கும் இதே பிரச்சினை வந்தது. இறுகின தரையில் தெருமரங்கள் நோஞ்சானாகிப் போயின. 2000-க்குப் பிறகு அவர்கள் ஒரு முறையைக் கையாள ஆரம்பித்தார்கள். நடைபாதையை அகலமாகத் தோண்டி, பெரிய பெரிய உடைகல்லால் நிரப்புகிறார்கள். கல் கல்லோடு முட்டிக்கொண்டு மேலே வருகிற பாரத்தைத் தாங்கும். கல்லுக்கு நடுவே இருக்கிற சந்தில் மண்ணைத் தண்ணீர் விட்டு இறக்குகிறார்கள். வேர் அந்தச் சந்தில் ஓடும். மழைத் தண்ணீரும் காற்றும் உள்ளே போக வழி வைக்கிறார்கள். மேலே நடைபாதையும் இருக்கிறது, கீழே வேருக்கு இடமும் இருக்கிறது.

அந்த மண்ணில் அவர்கள் கலப்பது என்ன தெரியுமா? கரி. மக்கள் கொண்டுவந்து கொடுக்கிற தோட்டக் கழிவை மூட்டம் போட்டுக் கரியாக்கி, மரக்குழிக்குக் கொடுக்கிறார்கள். அந்த யோசனைக்கு 2014-ல் அமெரிக்காவின் புளூம்பெர்க் அறக்கட்டளை நடத்திய மேயர்கள் போட்டியில் பரிசு கிடைத்தது. 2017-ல் ஆலையும் திறந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கத்துக் கரிமூட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியை மூட்டை கட்டி அனுப்புகிறோம். சலித்தது போக மிஞ்சுகிற தூளும் பொடியும் அங்கேயே கிடக்கும். நான் இரண்டு வருஷமாக அதை அள்ளி வந்து சாணிக் கரைசலிலோ அமுதக் கரைசலிலோ ஒரு வாரம் ஊறவைத்து, மட்குரத்தோடு கலந்து மரக்குழிக்குப் போடுகிறேன். ஊறவைக்காமல் போடக் கூடாது. பச்சைக் கரி, மண்ணில் இருக்கிற சத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். ஊறினது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, செவலில் நன்றாகவே தெரிகிறது. ஸ்டாக்ஹோம்காரர்கள் ஆலை வைத்துச் செய்வது நம் ஊரில் மூட்டத்தடியில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இடம் எங்கே இருக்கு அண்ணாச்சி?

இதைச் சொன்னால் முதல் கேள்வி அதுதான். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்த் தெருக்களில் இரண்டு டூவீலர் எதிரும் புதிருமாக வந்தாலே சிரமம். பதினெட்டடி எங்கே விடுவது?

என் பதில்: இடம் இல்லாத தெருவில் பெரிய மரம் வைக்காதீர்கள். பத்தடிக்கு ஒன்றாக நூறு கன்று வைத்து நூறையும் நோஞ்சானாக்குவதைவிட, ஊருணிக் கரை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, கோயில் மைதானம் என்று பார்த்து, மண்ணோடு பத்து மரம் வைத்தால் போதும். குறுகின இடத்துக்குச் சரக்கொன்றை, மந்தாரை மாதிரி சின்ன மரங்கள் இருக்கின்றன. கொஞ்சம் இடம் இருக்கிற தெருவில் தனித்தனிக் குழிக்குப் பதிலாக நீளமாக ஒரே வாய்க்காலாக எடுத்து நல்ல மண் நிரப்புங்கள். ஆறடி அகலம், மூன்றடி ஆழம், ஐம்பத்தைந்து அடி நீளம் என்றால் ஆயிரம் கன அடி தேறும். இரண்டு மூன்று மரம் அந்த மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும். கூட்டுக் குடும்பம் மாதிரி.

இரண்டாவது பயம், வேர் வாறுகாலை உடைக்கும், வீட்டுச் சுவரைப் பிளக்கும் என்பது. வேர் சும்மா போய் எதையும் உடைப்பதில்லை. இறுகின தரையில் காற்றும் ஈரமும் கிடைப்பது கல்லுக்கு நேர் அடியில் மட்டும்தான். அதனால் அங்கே ஓடிப் பருத்துக் கல்லைத் தூக்குகிறது. கசிகிற வாறுகால் இருந்தால் அதைத் தேடிப் போகிறது. அதற்கென்று நல்ல மண் கொடுத்துவிட்டால் இந்தத் தொந்தரவில் பாதி குறையும். சுவரை ஒட்டி அரசும் ஆலும் வைத்தால் எந்த மண்ணும் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, சேறு, குப்பை. என் வங்கி வாசலில் நான் பயந்ததும் அதற்குத்தான். நாலு அங்குலம் காய்ந்த இலையும் கடலைத் தொலியும் பரப்பினால் சேறு வராது. இதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் பங்கு

தெரு மரம் நகராட்சி பாடு, நாம் சம்சாரி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இப்போது கிராமத்திலும் ஊராட்சித் தெருவெல்லாம் பேவர் பிளாக் வந்துவிட்டது. அரசமரத்துப் பிள்ளையாருக்குக் கல்மேடை கட்டி நடுவில் மண்ணாக விட்டிருந்தது போய், டைல்ஸ் ஒட்டித் தூரோடு பூசுகிறார்கள். ஊரில் மண்ணைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர்கள் நாம்தான். எஞ்சினியருக்குத் தெரிந்தது தரையின் உறுதி. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நாம்.

எஸ்டிமேட்டில் இல்லாதது தரையில் வராது. இது நான் வங்கியில் கற்ற பாடம். அதனால் கல் பதித்த பிறகு புலம்பாமல், முன்னாலேயே கேட்க வேண்டும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாம் வைக்க வேண்டிய தீர்மானம் சிறியதுதான். தெருவில் கல்லோ சிமென்ட்டோ போடும் எந்த வேலையிலும், இருக்கிற மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விட வேண்டும், முடிந்த இடத்தில் இரண்டு மீட்டர். வாறுகால் தோண்டும்போது கட்டைவிரலுக்கு மேல் கனமான வேர் வந்தால் ஜேசிபியை நிறுத்திக் கையால் எடுக்க வேண்டும். புதுக் கன்றுக்கு எத்தனை கன அடி மண் என்று மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும்.

ஏற்கெனவே மூச்சடைத்து நிற்கிற மரத்துக்கு, அனுமதி வாங்கிக்கொண்டு நாமே வேலை பார்க்கலாம். போன ஆவணியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்ற வேம்புக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். கல்லைக் கையால் பெயர்த்து ஆறடிச் சதுரம் திறந்தோம். இறுகின தரையில் கடப்பாரையால் ஓர் அடிக்கு ஒன்றாக ஓர் அடி ஆழம் குத்தி, ஊறவைத்த கரியும் மட்கும் நிரப்பினோம். வேர் தட்டுப்பட்ட இடத்தில் குத்தவில்லை. மேலே மூடாக்கு, தூரிலிருந்து அரை அடி தள்ளி. தூரில் மண்ணை ஏற்றவே கூடாது, பட்டை அழுகிவிடும். அரை நாள் வேலை. பெயர்த்த கல்லைத் தலைமையாசிரியர் சைக்கிள் நிறுத்தத்துக்குப் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி மழையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள்: "தாத்தா, மரத்துக்கிட்ட தண்ணி நிக்கவே இல்ல, குடிச்சிருச்சு." மரம் தேறுமா என்று இரண்டு வருஷம் போனால்தான் தெரியும். நான் அவசரப்படவில்லை.

அந்தப் பஜார் தெருவுக்கும் போன வாரம் திரும்பப் போனேன். கன்றுகள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன. நான் நட்டதும் இருக்கிறது. விழா நடத்தின பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அன்றைக்குச் சொல்லாமல் போனதைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார் அந்தப் பையன். சொல்லியிருக்கலாம்தான். குழிகளை இணைத்து வாய்க்காலாக்க நகராட்சியில் சேர்ந்து மனுக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. அந்த அரசங்கன்றை மட்டும் வேரோடு மண்ணோடு எடுத்து ஊருணிக் கரைக்கு மாற்றுகிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் ஒரே ஒரு மரத்துக்குப் போங்கள். அடிமரத்தைச் சுற்றித் திறந்த மண் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று அளந்து, மரத்தின் பெயரோடும் ஊரின் பெயரோடும் இதழுக்கு எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது நம் கையில் ஒரு கணக்கு இருக்கட்டும்.